கண்ணாடி துடைக்கிற நேரம்

மகனுக்கு,

அன்புள்ள மகனுக்குன்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரலை. இப்போதைக்கு மகனுக்குன்னு மட்டும் வச்சிக்க, அன்பு இருக்குதா இல்லியான்னு கடைசியில பார்த்துக்கலாம். இதை உனக்குத் தனியா அனுப்பாம நாலு பேர் படிக்கிற இடத்துல போடுறேன். ஏன்னு கேட்க உனக்கு வாய் இருக்காது. நீ என்னை ஒரு ஹால் நிறைய ஆளுங்க முன்னாடி நிக்க வச்சே, நானும் ஊரறியவே எழுதுறேன். ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது. உன் பேரை எழுத மாட்டேன். நீ வேலை செய்ற கம்பெனி பேரையும் எழுத மாட்டேன். நான் கணக்கு நடத்துற பள்ளிக்கூடம் செஞ்சிக்குப் பக்கத்துல இருக்குதுன்றதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. இதுல வர்ற பொண்ணுக்கு பவித்ரான்னு பேர் வச்சிருக்கேன். அது அவ பேர் இல்லை, நிஜப் பேர் உனக்கே தெரியும். ஒருத்தரைப் பத்தி ஊருக்குச் சொல்லும்போது எதை மறைக்கணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலை போலிருக்குது. அம்மாகிட்ட இப்போ பார்த்துக் கத்துக்க.

போன ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணினே. குரல்ல ஒரே கும்மாளம். "அம்மா, புரமோஷன் குடுத்துட்டாங்க, பெங்களூர் போறேன்"னே. அதோட நிறுத்தியிருந்தா நானும் சந்தோஷமா வச்சிருப்பேன். "போறதுக்கு முன்னாடி ஆபீஸ்லேருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன்மா. இப்ப நீ கிளாஸ் எடுக்கிறதை ஷூட் பண்ணிக்கிறோம். பழைய வீடியோவுக்குப் பக்கத்துல போட்டா செமையா இருக்கும்"னு சொன்னே பாரு, எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. ஹால்ல நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நடக்காத மாதிரியே பேசினே. நான் "பார்க்கலாம்"னு வச்சிட்டேன். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்த உங்க நைனா, "இன்னாவாம் அவனுக்கு?"ன்னு கேட்டார். சொன்னேன். "புள்ள முன்னுக்கு வரான், நீ ஏன் குறுக்க நிக்கிற, விடு"ன்னார். "வரட்டும், யார் வேணாம்னது? என் கிளாஸ் புள்ளைங்க தலையில கால வச்சு ஏறி வர வேணாம்"னேன். அவர் டீ டம்ளரை எடுத்துக்கிட்டு வாசப்பக்கம் போயிட்டார்.

உனக்கு மறந்திருக்கும், நானே ஞாபகப்படுத்துறேன். டீச்சருங்களுக்குப் பயிற்சி குடுக்கிற அந்தக் கம்பெனியில நீ புதுசா சேர்ந்த சமயம். லீவுக்கு வீட்டுக்கு வந்தவன், "உன் கிளாஸ்ல ஒரு நாள் உக்காந்து பார்க்கட்டுமா?"ன்னு கேட்டே. ஹெட்மாஸ்டர்கிட்ட நானே போய்ப் பேசி அனுமதி வாங்கினேன். நீ கடைசி பெஞ்சுல முழங்கால் இடிக்க உக்காந்து, தண்ணி பாட்டில்மேல போனைச் சாய்ச்சு வச்சு எடுத்தே. சாயந்திரம் வீட்டுல போட்டுக் காட்டினே. எனக்கு என் குரலே யாரோ மாதிரி இருந்துச்சு. ஓடிக்கிட்டே இருந்ததைச் சட்டுனு நிறுத்தி, "இங்க பாரும்மா, கேள்வி கேட்டுட்டு நீயே பதில் சொல்லிடுறே. ஒருத்தன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ முந்திக்கிறே"ன்னே. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "நீ பொறக்கிறதுக்கு முன்னாடிலேருந்து சாக்பீஸ் புடிக்கிறவடா நான், நேத்து சேர்ந்துட்டு எனக்கு வாத்தியாரா நீ?"ன்னு கத்தினேன். நீ கோச்சுக்கலை. சிரிச்சே. "எல்லாத்தையும் மாத்தச் சொல்லலைம்மா. ஒண்ணே ஒண்ணு மாத்து. கேள்வி கேட்டா கொஞ்ச நேரம் சும்மா இரு. அது பழகினப்புறம் வேற பார்க்கலாம்"னே. அன்னிக்கு நீ பேசின பேச்சு எனக்குப் பிடிச்சிருந்துச்சு, இன்னிக்கும் அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "இது வேற யார் கைக்கும் போகாதுல்ல?" நீ என் தலைமேல கையை வச்சே. "நமக்குள்ளதாம்மா. பார்த்துட்டு அழிச்சிடுவேன்"னே.

சும்மா இருக்கிறது இருக்குதே, அதைவிட கஷ்டமான வேலை ஒரு டீச்சருக்குக் கிடையாது. கேள்வியைக் கேட்டுட்டு நின்னா கிளாஸ் பேன் சத்தம் கேக்குது, ரோட்டுல போற திருவண்ணாமலை பஸ் ஹாரன் கேக்குது, வாய் நமநமன்னு அரிக்குது. பதில் நாக்கு நுனியில வந்து நிக்குது. நாலஞ்சு நாள் நானும் தோத்தேன். உன்கிட்ட போன்ல அழாத குறையா சொன்னேன், ஞாபகம் இருக்குதா? "கைக்கு ஒரு வேலை குடும்மா, வாய் தானா நிக்கும்"னு நீதான் சொன்னே. அன்னிலேருந்து கேள்வி கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி முந்தானையால துடைக்க ஆரம்பிச்சேன். கண்ணாடி இல்லாம எனக்கு எதிர்ல எல்லாம் மங்கல்தான், எவன் கை தூக்குறான் எவன் தூக்கலைன்னு தெரியாது. அதனால முதல் பெஞ்சுக்காரன் கையைப் பார்த்ததும் அவன் பேரைக் கூப்பிடுற பழக்கமும் தன்னால போச்சு. ஒரு மாசத்துல புள்ளைங்களே கண்டுபுடிச்சிட்டாங்க. "டேய், டீச்சர் கண்ணாடி துடைக்கிறாங்க, யோசிங்கடா"ன்னு ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கும். எனக்குச் சிரிப்பு வந்துடும். பரிட்சை நெருங்குச்சுன்னா போர்ஷன் முடிக்கிற டென்ஷன்ல பழையபடி நானே கேட்டு நானே சொல்லி ஓட்டிடுவேன், அப்புறம் ஜூன்ல மறுபடியும் முதல்லேருந்து கண்ணாடி. இப்படித்தான் ஏறுறதும் இறங்குறதுமா ரெண்டு வருஷம் போச்சு.

அந்த முதல் வீடியோவுல ஒரு பொண்ணு எழுந்து நிக்கும். அவதான் பவித்ரா. அப்போ ஆறாவது. கால் பெருசா, எட்டுல ஒரு பங்கு பெருசான்னு நான் கேட்கிறேன். பவித்ரா எழுந்து, "எட்டுல ஒண்ணு டீச்சர், எட்டுதான பெருசு"ங்குது. பசங்க கொல்லுன்னு சிரிக்கிறானுங்க. நான் "உக்காரு, உக்காரு"ன்னு கையைக் காட்டிட்டு போர்டு பக்கம் திரும்பி பதிலை எழுதிடுறேன். அவ உக்கார்றா. உக்காந்துட்டு பெஞ்சு விளிம்பை நகத்தால சுரண்டிட்டு இருக்கிறா. அதை நான் அன்னிக்குக் கிளாஸ்ல பார்க்கலை, நீ வீட்டுல போட்டுக் காட்டினப்போதான் பார்த்தேன். தப்பாச் சொல்ற புள்ளையை உக்காரச் சொல்றதுக்குப் பதிலா, "எப்படி யோசிச்சே, சொல்லு"ன்னு கேட்கணும்னு எனக்குத் தோணினதே அவ நகத்தைப் பார்த்துத்தான். அது நீ சொல்லிக் குடுத்தது இல்லை. நானா கண்டுபுடிச்சது. உன்கிட்ட சொன்னப்போ, "சூப்பர்மா, இதை நான் எழுதி வச்சிக்கிறேன்"னே. எழுதி வச்சிக்கிட்டு எங்கெங்க வித்தியோ, எனக்குத் தெரியாது.

பவித்ரா அதுக்கப்புறம் ரொம்ப நாள் வாயைத் திறக்கலை. நான் துடைச்சுத் துடைச்சு கண்ணாடியில கோடு விழுந்ததுதான் மிச்சம்னு நினைச்சேன். ஏழாவது வந்தப்புறம் ஒரு நாள் பின்னத்துக்கே திரும்பி வந்தோம். கேள்வியைக் கேட்டுட்டு கண்ணாடியைக் கழட்டினேன். மூணாவது பெஞ்சுலேருந்து ஒரு குரல். "டீச்சர், எங்கப்பா தர்பூசணி வெட்டுவாரு. நாலு பேருக்கு வெட்டினா துண்டு பெருசா வரும், எட்டு பேருக்கு வெட்டினா சின்னதா வரும். கால்தான் டீச்சர் பெருசு." "அப்போ முன்னாடி ஏன் எட்டுன்னு சொன்னே?"ன்னேன். "முன்னாடி நான் நம்பரைப் பார்த்தேன் டீச்சர், துண்டைப் பார்க்கலை"ன்னா. அடேங்கப்பா! நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவளைப் பார்க்கிறேன், கண்ணாடிக்குள்ள ஈரம், ஒண்ணும் தெரியலை. இடைவேளையில உனக்குப் போன் பண்ணிச் சொன்னேனே, நீயும்தானே "ஐயோ அம்மா"ன்னு கத்தினே? அதுக்கப்புறம் அவ போர்டுகிட்ட வந்து சாக்பீஸ் வாங்கினா. தப்பாப் போட்டா தானே அழிச்சிட்டு மறுபடி போட்டா. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சே.

இப்போ அந்த நாளுக்கு வரேன். அன்னிக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டத்துல செஞ்சி பஸ் ஸ்டாண்டுல கால் வைக்க இடமில்லை. அமாவாசையிலயா பயிற்சி வைப்பானுங்கன்னு எல்லா டீச்சரும் திட்டிக்கிட்டே வந்தாங்க. நான் மட்டும் திட்டலை. பேசப்போறது என் பையனாச்சே! போன தீபாவளிக்கு நீ எடுத்துக் குடுத்த புடவையைக் கட்டிட்டு, உனக்குப் பிடிச்ச எலுமிச்சை சாதத்தை டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு, முன்னாடி வரிசையில உக்காந்தா உனக்குக் கூச்சமா இருக்கும்னு பின்னாடி போய் எங்க ஸ்கூல் ஸ்டெல்லா டீச்சரோட (இதுவும் மாத்தி வச்ச பேர்தான்) உக்காந்தேன். லைட்டை அணைச்சாங்க. "வகுப்பறையில் கேள்வி எப்படிச் சாகிறது"ன்னு பெரிய எழுத்துல போட்டே. அடுத்தது அந்த வீடியோ. என் முகத்தை மட்டும் மங்கலாக்கி வச்சிருந்தே. மங்கலாக்கி? என் குரல் அப்படியே. என் பச்சைப் புடவை அப்படியே. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை அப்படியே. போர்டு மூலையில வகுப்பு, பதிவு, வருகைன்னு எழுதியிருந்தது அப்படியே. "உக்காரு, உக்காரு"ன்னு நான் கையைக் காட்டினதும் ஹாலே சிரிச்சுது. நீயும் மைக்ல சிரிச்சே. ஸ்டெல்லா டீச்சர் என் முழங்கையைப் புடிச்சுக்கிட்டு, "இது நீங்கதான டீச்சர்?"னு காதுல கேட்டாங்க. ஒவ்வொரு தலையா பின்னாடி திரும்புச்சு. லைட் போட்டதும் நீ என்னைப் பார்த்தே. ஒரு நொடி உன் முகம் செத்துப்போச்சு. அப்புறம் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டே.

சாப்பாட்டு நேரத்துல வந்து, "அம்மா, நீ ரெண்டாவது பேட்ச்னு நினைச்சேன்மா"ன்னே. ஏன்டா, அப்போ நான் இல்லாத பேட்ச்சுல போட்டா பரவாயில்லையா? எத்தனை ஊர்ல போட்டிருப்பே? நான் கேட்டதுக்கு நீ பட்டுனு பட்டுனு பதில் சொல்லிக்கிட்டே இருந்தே. "முகம்தான் தெரியலையேம்மா." "உன்னால எத்தனை டீச்சருங்க மாறுறாங்க தெரியுமா?" "நீதான் மாறிட்டியேம்மா, அப்புறம் பழசைப் பார்த்து ஏன் வருத்தப்படுறே?" நான் மாறினதை ஏன்டா அந்த ஹால்ல சொல்லலை? தர்பூசணியை ஏன் சொல்லலை? அதைச் சொன்னா உன் பயிற்சிக்கு வேலை இல்லை, சிரிக்க ஆள் இல்லை, அதானே? டப்பாவை உன் கையில குடுக்காம வீட்டுக்கே திருப்பி எடுத்துட்டு வந்தேன். பஸ்ல கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்போது அழுகை வந்துச்சு. அமாவாசைக் கூட்டத்துல எவன் பார்க்கப்போறான்னு அழுதேன்.

அதுவரைக்கும் எனக்குப் பட்ட அவமானத்தைத்தான் நினைச்சுட்டு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் மீதி தெரிஞ்சுது. ஹால்ல உக்காந்திருந்த எவரோ அந்தத் திரையைப் போன்ல புடிச்சு குரூப்புல போட்டிருக்காங்க. அது டீச்சருங்க குரூப்புலேருந்து வேற குரூப்புக்குத் தாவி, எங்க ஊருக்கே வந்துடுச்சு. காலையில பிரேயர் முடிஞ்சு கிளாஸுக்குப் போறேன், ஒருத்தன் "எட்டு வருது, எட்டு வருது"ங்கிறான். தண்ணிக் குழாய்கிட்டயும் அதே. பவித்ராவுக்குப் பேரே எட்டுன்னு ஆயிடுச்சு. உன் அம்மா முகத்தை மறைச்சியே, அந்தப் புள்ள முகத்தை நீ மறைக்கலைடா. பளிச்சுனு தெரியுது, அவ ரெட்டை ஜடை, அவ ரிப்பன், அவ சுரண்டுற நகம் வரைக்கும்.

அவ அம்மா ஸ்கூலுக்கு வந்தாங்க. வேர்க்கடலை பறிக்கிற வேலையைப் பாதியில விட்டுட்டு வந்திருக்காங்க, காலெல்லாம் செம்மண்ணு. சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். போட்டிருந்தா தேவலை. "இன்னா டீச்சர் இப்டி ஆயிடுச்சு? எம்பொண்ணு உங்கள நம்பித்தான வாயைத் தொறந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. "எடுத்தது என் பையன்தாம்மா"ன்னேன். "தெரியும் டீச்சர். அன்னிக்கு அந்த அண்ணன் வந்து எங்கள போட்டோ புடிச்சாருன்னு வீட்ல வந்து சந்தோசமா சொல்லுச்சு"ன்னாங்க. நீ எனக்குத் துரோகம் பண்ணினே. ஆனா அந்த அம்மா கண்ணுல துரோகம் பண்ணினது நான். எனக்கு நீ குடுத்ததை நான் அவங்களுக்குக் குடுத்துட்டேன், அதுதான்டா என் வயித்தெரிச்சல்.

நீ அஞ்சாவது படிக்கும்போது ஸ்கூல்லேருந்து செஞ்சிக் கோட்டைக்கு டூர் கூட்டிட்டுப் போனாங்க. நானும் வந்தேன். கல்யாண மஹால் பக்கத்துல உனக்கு என்ன ஆச்சுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. உங்க நைனாவுக்குக்கூட இதுவரைக்கும் தெரியாது. அன்னிக்கு உன் கூட்டாளிங்க திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள என்ன பண்ணி அதை மறைச்சேன்னு ஞாபகம் இருக்குதா? எனக்கு இப்போ இருக்கிற கோவத்துக்கு அதை இங்க எழுதிடலாம். படிக்கிறவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. உன் ஆபீஸ்ல உனக்கும் ஒரு பேர் வச்சிடுவாங்க. எழுத மாட்டேன்டா. பெத்தவள்னு இல்லை, டீச்சர்னு வச்சிக்க. ஒரு புள்ள நம்ம முன்னாடி கூனிக்குறுகி நிக்கிறது நம்ம கையில குடுத்து வச்ச பொருள். அதை எடுத்து விக்கக் கூடாது.

இப்போ பவித்ரா எட்டாவது. ஸ்கூலுக்கு வரா. எதைக் கேட்டாலும் "தெரியாது டீச்சர்"தான். நான் கண்ணாடியைக் கழட்டினா அவ போர்டைப் பார்க்கிறதில்லை, கதவைப் பார்க்கிறா, யாராவது போன் வச்சிட்டு நிக்கிறாங்களான்னு. பசங்களை நான் அடிக்கலை, திட்டலை. இந்தக் கிளாஸ்ல நான் சொன்ன தப்பான கணக்கெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லுங்கடான்னு சொன்னேன். சொன்னானுங்க பாரு, மூச்சு விடாம! கொஞ்ச நாள்ல அந்த எட்டு கொஞ்சம் அடங்குச்சு. நான் போர்டுகிட்ட நிக்கிறதை விட்டுட்டு மூணாவது பெஞ்சு பக்கமா நின்னு கேள்வி கேட்கிறேன். அவகிட்ட கேட்கிறதில்லை, அவ பக்கத்துல நின்னு கேட்கிறேன், அவ்வளவுதான். நேத்து அவ பக்கத்துல இருக்கிற பொண்ணு காதுல ஏதோ முணுமுணுத்தா. அந்தப் பொண்ணு எழுந்து பதில் சொல்லுச்சு. சரியான பதில். யார் சொன்னதுன்னு நான் கேட்கலை. மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு, அது பழகினப்புறம் அடுத்தது. நீ சொல்லிக் குடுத்ததுதான்.

அதனால ஷூட்டிங்குக்கு என் பதில், வரக்கூடாது. உன் ஆபீஸ் ஆளுங்க என் கிளாஸ் வாசப்படியை மிதிக்கக் கூடாது. ஆனா நீ வா. பெங்களூர் போறதுக்கு முன்னாடி தனியா வா. போனை வீட்டுல வச்சிட்டு, வெறுங்கையோட வா. அந்த வீடியோ உன்கிட்ட எங்கெல்லாம் இருக்குதோ அழிச்சிட்டு வா. பவித்ரா வீட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், அவ அம்மா முன்னாடி உக்காந்து நீ வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கணும். எனக்கும் ஒரு கேள்வி இருக்குது, அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல கேட்க முடியலை. என் முகத்தை மறைக்கணும்னு தெரிஞ்ச உனக்கு, அந்தப் புள்ள முகத்தை மறைக்கணும்னு ஏன்டா தோணலை?

பட்டுனு பதில் சொல்லாதே. யோசி. நான் முந்திக்க மாட்டேன், உனக்குப் பதிலா நானே பதில் சொல்லிக்கவும் மாட்டேன். அந்தப் பழக்கத்தை நீதான் விட வச்சே. கேள்வி கேட்டாச்சு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு இருக்கேன்.

அன்புள்ள,
அம்மா